ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஜூஸ் புதன்கிழமை 'புஸ்' என்றது!

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நேரம் கிடைக்கிறது. அன்றைக்கே ஆரஞ்சு, ஆப்பிள், கேரட் மூன்றையும் தனித்தனியாக மிக்ஸியில் ஜூஸ் எடுத்து, வாரம் முழுக்க வரட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். ஆப்பிள் ஜூஸ் ஒரு மணி நேரத்துக்குள் பழுப்பாகிவிடுகிறது. ஆரஞ்சு மறுநாளே கசக்கிறது. போன புதன்கிழமை ஒரு பாட்டிலைத் திறந்தால் சோடா மாதிரி 'புஸ்' என்றது. வீணாக்க மனசு வராமல் குடித்தும்விட்டோம். நல்ல பழமாகத்தான் வாங்குகிறேன். எங்கே தப்பு? ஒரு வாரம் வைத்திருக்க வழியே இல்லையா?

பதில்: அந்த 'புஸ்'ஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜூஸ் புளித்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விட்டிருக்கிறது. இனி அப்படிச் சத்தம் கேட்டால் ருசி பார்க்கக்கூட வேண்டாம், நேராகக் கொட்டிவிடுங்கள்.

எவ்வளவு நல்ல பழமானாலும் தோலின் மேல் ஈஸ்ட் இருக்கும். கழுவாமல் நறுக்கினால் கத்தியோடு உள்ளே போய்விடும். தோலை உரித்து எறியப்போகிற பழத்தையும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான். ஆனால் எனக்குச் சந்தேகம் உங்கள் மிக்ஸி ஜார் மேல். என் வீட்டில் ஒரு காலத்தில் எந்த ஜூஸும் இரண்டாம் நாளைத் தாண்டாது. பழம் விற்பவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிளேடைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் வாஷருக்கு அடியில் பழைய சக்கை! அப்புறம் யாரைத் திட்டுவது?

ஆப்பிள் பழுப்பாவதற்குப் பயப்பட வேண்டாம். நறுக்கியதும் காற்று பட்டு, பழத்தில் உள்ள ஒரு நொதி செய்கிற வேலை அது. நிறம்தான் போகும், கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நறுக்கிய துண்டுகள் மேலேயே அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு அரையுங்கள். ஜூஸ் பழுப்பான பிறகு பிழிந்தால் பெரிதாகப் பலன் இராது.

ஆரஞ்சு கதை வேறு. பிழிந்தவுடன் இனிப்பாக இருந்தது, ராத்திரி தாண்டினால் கசக்கிறது, இல்லையா? கொட்டையிலும் வெள்ளைத் தோலிலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. அவை நசுங்கி, அந்தப் பொருள் புளிப்பான சாற்றோடு கலந்ததும், சில மணி நேரத்தில் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறிவிடும். மிக்ஸியில் அடித்தால் கொட்டை, வெள்ளைத் தோல் எல்லாமே அரைபட்டுவிடுகின்றன. ஆரஞ்சைக் குறுக்கே வெட்டிக் கையால் பிழியுங்கள், உடனே வடிகட்டுங்கள். கடைசிச் சொட்டுவரை விடுவதில்லை என்று அழுத்தினால், அந்தச் சொட்டில்தான் கசப்பும் வரும். சில ரகங்களை எவ்வளவு பக்குவமாகப் பிழிந்தாலும் கசக்கத்தான் செய்யும். அவற்றை அப்போதே குடித்துவிடுவது நல்லது. சர்க்கரை போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், இனிப்பும் கசப்புமாக இன்னும் மோசமாக இருக்கும்.

நீங்கள் கவலைப்படாமல் விட்டது கேரட்டைப் பற்றி. எனக்குக் கவலையே அதுதான். ஆரஞ்சு போன்றவற்றின் புளிப்பு பல கிருமிகளை அடக்கி வைக்கும். கேரட்டில் அந்தப் புளிப்பு இல்லை. 2006-ல் அமெரிக்காவில், பாட்டிலில் விற்ற கேரட் ஜூஸைக் குடித்துச் சிலர் பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சுப் பாதிப்புக்கு ஆளாகி, கைகால் செயலிழந்து போனார்கள். பாட்டில் சரியான குளிரில் இல்லாமல் போனதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். இந்த நச்சு இருந்தால் 'புஸ்' என்று சத்தம் வர வேண்டும் என்றோ, வாடை மாற வேண்டும் என்றோ கட்டாயமில்லை. ஆகவே கேரட், தர்பூசணி ஜூஸை அன்றைக்கே குடித்துவிடுங்கள். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளோடு சரி. மேஜையில் மறந்து கிடந்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

ஆரஞ்சும் எலுமிச்சை சேர்த்த ஆப்பிளும் இரண்டு நாள் தாங்கும், மூன்றாவது நாள் எல்லை. அதற்கும் ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பாட்டிலைக் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். பெரிய பாட்டில் ஒன்றைவிட ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள் நல்லது. காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை நிரப்புங்கள். அடியில் படிந்தால் குலுக்கிக் குடிக்கலாம், அது வெறும் சதைப்பற்று. கால் மணி நேரத்தில் சத்தெல்லாம் போய்விடும் என்பார்கள், நம்பாதீர்கள். மூடிய பாட்டிலில் குளிரில் இருக்கும் ஆரஞ்சு ஜூஸில் வைட்டமின் சி அவ்வளவு வேகமாகக் குறையாது. வைத்திருந்த, காய்ச்சாத ஜூஸைச் சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு அவ்வப்போது பிழிந்தது போதும்.

ஒரு வாரம் வேண்டும் என்றால் ஃப்ரீசர்தான் வழி. ஞாயிற்றுக்கிழமை எடுத்ததில் செவ்வாய்வரைக்குமானதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மீதியை அன்றைக்கே ஃப்ரீசரில் வையுங்கள். மூன்று நாள் பார்த்துவிட்டு அப்புறம் வைப்பதில் பிரயோஜனமில்லை, உறைந்தாலும் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. இங்கே கழுத்துவரை நிரப்பக் கூடாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், கண்ணாடி பாட்டில் விரிசல் விட்டுவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றி, தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். குடிக்கிற நாளுக்கு முந்தின இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும், அன்றைக்கே காலி செய்துவிட வேண்டும். கேரட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமை கழுவித் தோல் சீவி டப்பாவில் போட்டு வையுங்கள். காலையில் அரைத்து வடிகட்ட ஐந்து நிமிடம் ஆகுமா?