ஈப்போவில் பிறந்த மருமகள் வந்தால் வரிசை நகருமா?

கேள்வி: மகன் காரைக்குடி அழகப்பா பொறியியல் கல்லூரியில் படித்தவன். அமெரிக்காவில் பேட்டரி ஆராய்ச்சியில் பிஎச்.டி. முடித்து, எஃப்-1 என்ற மாணவர் விசாவிலேயே, படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் ஓ.பி.டி. வேலை அனுமதியில் வேலை பார்க்கிறான். ஏழு கட்டுரை வந்திருக்கிறது. கம்பெனி கையெழுத்துப் போடாவிட்டால் பரவாயில்லை, கிரீன் கார்டுக்கு நானே மனுப் போடுவேன் என்கிறான். முடியுமா? தை மாதம் பெண் பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம். வந்திருக்கும் ஜாதகங்களில் ஒரு பெண் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள், அதனால் ஏதும் சிக்கல் வருமா?
*- ஒரு வாசகி, தேவகோட்டை*

பதில்: முடியும் ஆச்சி. உயர்படிப்புக்காரர்களுக்கான இபி-2 என்ற கிரீன் கார்டு பிரிவில் தேசிய நலன் விலக்கு, என்.ஐ.டபிள்யூ என்று ஒன்று இருக்கிறது, அதில் முதலாளி தேவையில்லை, ஐ-140 என்ற குடியேற்ற மனுவைத் தம்பியே போடலாம். அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு அலுவலகம் 2016-இல் தனாசார் என்பவரின் மனுவில் தந்த முடிவுதான் இன்றைக்கும் அளவுகோல். அந்த மனுதாரரும் ஒரு பொறியியல் ஆராய்ச்சியாளர்தான். செய்யப்போகும் வேலைக்கு நாட்டளவில் முக்கியத்துவம் உண்டா, அதை முன்னெடுக்கும் நிலையில் இவர் இருக்கிறாரா, வேலை உத்தரவு கேட்காமல் விடுவது நாட்டுக்கு லாபமா, இந்த மூன்றைத்தான் பார்ப்பார்கள். தம்பிகள் பலர் கட்டுரைகளை எண்ணி எண்ணிக் காட்டிவிட்டு, இனி என்ன செய்யப்போகிறேன் என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பேட்டரி முக்கியம் என்று எழுதினால் போதாது, அது ஊருக்கே தெரியும், இவருடைய வேலை எதை மாற்றும் என்று எழுத வேண்டும். பரிந்துரைக் கடிதம் வழிகாட்டியிடமிருந்து மட்டும் வந்தால் எடை குறைவு. இவரை நேரில் பார்த்தே இராத ஒருவர், இவருடைய கட்டுரையை வைத்துத் தன் ஆய்வில் என்ன செய்தார் என்று எழுதித் தந்தால் அது பேசும்.

சரி, மனு தேறினாலும் கார்டு கைக்கு வராது. 2025 செப்டம்பர் விசா அட்டவணையில் இந்தியாவின் இபி-2 வரிசை 2013 ஜனவரி 1-இல் நின்றது, அதாவது அந்தத் தேதிக்கு முன் இடம் பிடித்தவர்களுக்குத்தான் கார்டு. அதனால்தான் சீக்கிரம் போடச் சொல்கிறேன். மனுப் போட்ட தேதிதான் அவருடைய இடம், மனு தேறிவிட்டால் பின்னால் அதற்கு மேல் பிரிவான இபி-1 போட்டாலும் அந்தத் தேதி கூடவே வரும்.

இப்போது ஈப்போ. சிக்கலா, நல்ல சேதி ஆச்சி! வரிசைக்குக் கணக்கு குடியுரிமை இல்லை, பிறந்த நாடு. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது அந்த நாட்டு வரிசையைக் கேட்கலாம். மலேசியா பொது வரிசையில் இருக்கிறது, அதே செப்டம்பரில் அது 2023 செப்டம்பர் 1. பத்து வருடத்துக்கு மேல் வித்தியாசம். மலேசியாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன ஐயாக்கள் கிட்டங்கி என்ற தொழில் கூடத்தில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதியபோது இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று, பெண்ணைப் பிடித்துத்தான் கட்ட வேண்டும், வரிசைக்காகக் கட்டினால் அது மோசடி, மனுவே போய்விடும். பிறப்புச் சான்றிதழில் ஊரும் பெயரும் ஒழுங்காக இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஜாதகத்தில் இருப்பது அங்கே செல்லாது.

தை மாதப் பயணத்தில்தான் எனக்குத் தயக்கம். எஃப்-1 என்பது படித்துவிட்டுத் திரும்புகிறேன் என்று சொல்லி வாங்கிய விசா. ஐ-140 போட்டபிறகு சென்னையில் விசா முத்திரை புதுப்பிக்கப் போனால் குடியேறும் எண்ணம் இருக்கிறதென்று மறுக்க இடமுண்டு. ஹெச்-1பி என்ற வேலை விசா ஆன பிறகு இந்தத் தொல்லை கிடையாது. பழைய முத்திரை எப்போது முடிகிறதென்று இன்றைக்கே தம்பியிடம் கேளுங்கள், அப்புறம் டிக்கெட் போடலாம்.

கேள்வி: காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் ஆய்வு மாணவன். என் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் ஐந்நூறு முறை மேற்கோள் காட்டியிராமல் என்.ஐ.டபிள்யூ கிடைக்காது என்கிறார் ஒரு ஏஜென்ட். உண்மையா? காரைக்குடியில் இருந்தபடியே போடலாமா?
*- ஒரு வாசகர், காரைக்குடி*

பதில்: போடலாம், அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை, முதுகலைப் பட்டம் இருந்தால் பிஎச்.டி. முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஐந்நூறு என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று ஏஜென்டிடமே கேளுங்கள். ஆனால் அமெரிக்காவில் போய் எந்த ஆய்வகத்தில், யாருடன், என்ன செய்வீர்கள் என்பதற்கு ஒரு மின்னஞ்சலாவது கையில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.