கென்யா சஃபாரிக்குக் கடன் வாங்கலாமா, கல்லூரி நிதியை எடுக்கலாமா?

கேள்வி: நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் மாதச் சம்பளம் 1,52,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 34,000, பள்ளிக் கட்டணம் உள்ளிட்ட குடும்பச் செலவு 58,000, எஸ்.ஐ.பி. எனப்படும் மாதாந்திர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு 18,000, காப்பீட்டு பிரீமியம் 7,000 போக மீதம் 35,000 ரூபாய் நிற்கிறது. ஏப்ரலில் வரும் ஆண்டு ஊக்கத்தொகை சுமார் 1,20,000 ரூபாய். அவசரத் தேவைக்கு என்று 3,50,000 ரூபாய் வைப்புநிதியில் இருக்கிறது. மகளுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது, மகனுக்கு ஐந்தே கால் வயது. மாடு போன்ற பெரிய மான் இனமான வில்டபீஸ்ட் மந்தைகள் ஆற்றைக் கடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து இருவரும் ஆப்பிரிக்கா போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரும் மே மாதம் கென்யாவில் ஏழு நாள் சுற்றுலாவுக்கு ஒரு பயண முகவர் நான்கு பேருக்கும் சேர்த்து 7,60,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று சொல்கிறார். 14 சதவீத வட்டியில் 8 லட்சம் ரூபாய் பெர்சனல் லோன் எடுத்து மூன்று ஆண்டுகளில் அடைக்கலாமா? அல்லது மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்த மியூச்சுவல் ஃபண்டில் 6 லட்சத்தை எடுத்து, மீதிக்கு நகைக் கடன் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கடனும் கல்லூரி நிதியும் இல்லாமலேயே இந்தப் பயணத்துக்கு உங்கள் சம்பளம் போதும். தேதியை மட்டும் மாற்ற வேண்டும். தேதியை மாற்றச் சொல்வதற்குப் பணம் ஒரு காரணம்தான். குழந்தைகள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்களோ அது மே மாதத்தில் கென்யாவில் இருக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வில்டபீஸ்ட் மந்தைகள் ஆண்டின் பெரும்பகுதியைத் தான்சானியாவின் செரெங்கெட்டியில்தான் கழிக்கின்றன. அவை மாரா ஆற்றைக் கடந்து கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வருவது பொதுவாக ஜூலையில் தொடங்கும். அக்டோபர் வரை அங்கே மேய்ந்துவிட்டுத் தெற்கே திரும்பும். மே மாதத்தில் கென்யாவில் நீண்ட மழைக்காலம் முடிந்திருக்காது. புல் உயர்ந்து நிற்கும், மண் சாலைகளில் வண்டி சிக்கும், சில முகாம்களை மூடியே வைத்திருப்பார்கள். சிங்கமும் யானையும் அப்போதும் கண்ணில் படும், கட்டணமும் குறைவு என்பதால் அந்தப் பருவத்தை விரும்பிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் மழைக்கால விலை உங்கள் முகவரின் தொகையில் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் கடனைப் பார்ப்போம். 8 லட்சம் ரூபாய்க்கு 14 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை சுமார் 27,340 ரூபாய் வரும். வட்டியாக மட்டும் ஏறத்தாழ 1,84,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். மாத மீதமான 35,000 ரூபாயில் இது போனால் கையில் நிற்பது எட்டாயிரத்துக்கும் குறைவு. அடுத்த மூன்று ஆண்டுகளில் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தாலோ பள்ளிக் கட்டணம் உயர்ந்தாலோ நீங்கள் எஸ்.ஐ.பி.யை நிறுத்துவீர்கள் அல்லது கிரெடிட் கார்டைத் தேய்ப்பீர்கள். மகன் இரண்டாம் வகுப்பு முடிக்கும்போதும் இந்த ஒரு வாரப் பயணத்துக்கான தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

கல்லூரி நிதியை எடுப்பது இதைவிடவும் விலை கூடிய வழி, ஆனால் அந்த விலை இப்போது கண்ணுக்குத் தெரியாது. மகள் கல்லூரியில் சேர இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. ஆண்டுக்கு 10 சதவீத வளர்ச்சி என்று அடக்கமாக வைத்துக்கொண்டாலும் இன்றைய 6 லட்சம் எட்டு ஆண்டுகளில் 12,86,000 ரூபாய் அளவுக்கு வரக்கூடும். பங்குச் சந்தையில் அது உறுதியில்லை என்பது உண்மைதான். இப்போது எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பே இல்லை என்பது உறுதி. மேலும், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குசார்ந்த ஃபண்டில் ஒரு நிதியாண்டின் லாபம் 1,25,000 ரூபாயைத் தாண்டினால் மிகுதிக்கு 12.5 சதவீத வரியும் உண்டு.

நான் சொல்லும் தேதி, அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறை. உங்கள் மனைவி ஆசிரியை என்பதால் பள்ளி நாட்களில் அவருக்கு ஒரு வார விடுப்பு கிடைப்பது கடினம். மந்தைகள் மாராவில் இருக்கும் காலமும் நம் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவது அநேகமாக இந்த ஒரு இடத்தில்தான். அதைவிட முக்கியம், குழந்தைகளின் வயது. அப்போது மகளுக்குப் பத்தரையைத் தாண்டியிருக்கும், மகனுக்கு ஏழு நெருங்கும். விமானத்தில் 12 வயதானால் முழுக் கட்டணம். மகள் அப்போது அந்த வயதை எட்டியிருக்கமாட்டாள். மசாய் மாராவில் எட்டு வயது வரை நுழைவுக் கட்டணம் இல்லை. மகன் அதற்குள் அடங்குவான். பல விடுதிகள் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் திறந்த வண்டிச் சவாரியில் ஏற்றுவதில்லை என்ற விதியும் அப்போது தடையாக இருக்காது. அதற்கு மேல் இன்னும் மூன்று ஆண்டுகள் தள்ளினால் இருவருக்குமே கட்டணம் கூடிவிடும். ஆகவே, தள்ளிப்போடுங்கள் என்கிறேனே தவிர, காலவரையின்றித் தள்ளுங்கள் என்று சொல்லவில்லை.

மாராவின் நுழைவுக் கட்டணத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்தப் பயணத்தில் பலருக்குப் பட்ஜெட் உதைப்பது இங்கேதான். இந்தக் காப்பகத்தை நிர்வகிப்பது நரோக் மாவட்ட அரசு. கென்ய வனவிலங்குத் துறையின் மற்றப் பூங்காக்களின் கட்டணமும் வயது வரம்பும் வேறு. வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஒன்பது முதல் பதினேழு வயது வரை 50 டாலர். செப்டம்பரில் மூன்று நாட்களுக்கு உங்கள் இருவருக்கும் 1,200, மகளுக்கு 150, ஆக 1,350 டாலர். டாலருக்கு 95 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால் 1,28,250 ரூபாய். மே மாதத்தில் இதுவே 71,250 ரூபாய்தான். மந்தைகளைப் பார்க்க நீங்கள் கூடுதலாகத் தருவது 57,000 ரூபாய்.

இந்த நுழைவுச் சீட்டு பகலில் பன்னிரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். காப்பகத்துக்கு உள்ளேயே தங்கினால், புறப்படும் நாளில் காலை 10 மணிக்குள் வாயிலைத் தாண்டிவிட வேண்டும். குழந்தைகள் நிதானமாக எழுந்து சாப்பிட்டு, வழியில் இன்னொரு சிங்கத்தைப் பார்த்துவிட்டு மதியம் வாயிலுக்கு வந்தால், உங்களிடம் இன்னொரு நாள் கட்டணமாக 450 டாலர், அதாவது 42,750 ரூபாய் கேட்பார்கள். கடைசி நாள் காலையில் சவாரி வேண்டாம், நேரே வாயிலுக்குப் போகலாம் என்று ஓட்டுநரிடம் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள்.

என் கணக்கில் மொத்தச் செலவு இப்படி வருகிறது. இவற்றில் பல என் உத்தேசங்கள்; பதிவு செய்யும் நாளில் மாறும். நான்கு பேருக்கும் விமானக் கட்டணம் 2,00,000. கூரை திறக்கும் லேண்ட் க்ரூஸர் ஓட்டுநருடன் நாளுக்கு 250 டாலர் வீதம் ஆறு நாட்களுக்கு 1,42,500. குடும்ப அறை, சாப்பாட்டுடன் இரவுக்கு 300 டாலர் வீதம் ஆறு இரவுகளுக்கு 1,71,000. மாரா கட்டணம் மேலே சொன்ன 1,28,250. நைவாஷா ஏரிப் படகுச் சவாரி, வேறொரு பூங்கா ஆகியவற்றுக்கு 28,500. நுழைவு அனுமதிக்கு ஆளுக்குச் சுமார் 30 டாலர், குழந்தைகளுக்கும் சேர்த்து 11,400. ஓட்டுநருக்கான டிப்ஸ் 8,550. அங்கே இது எழுதப்படாத விதி. தடுப்பூசி, மாத்திரை, காப்பீடு 25,000. ஆகக் கூடி 7,15,200. இதன் மேல் எதிர்பாராத செலவுக்கு 70,000 ரூபாய் வைத்தால் 7,85,000 ரூபாய்.

வண்டியின் வாடகை வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். உறவிலோ நட்பிலோ இருவர் உடன் வந்தால் ஆறு பேரும் ஒரே வண்டியில் அமரலாம், அந்தச் செலவு பகிர்ந்துவிடும். ஆனால் முன்பின் தெரியாத குடும்பத்துடன் வண்டியைப் பகிர்ந்து மிச்சம் பிடிக்க வேண்டாம். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஏழு வயதுப் பையன் எத்தனை முறை வண்டியை நிறுத்தச் சொல்வான் என்பது உங்களுக்கே தெரியும்.

சேர்க்கும் வழி எளிது. மார்ச் முதல் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை பதினெட்டு மாதங்கள், மாதம் 30,000 ரூபாய். முதல் பன்னிரண்டு மாதம் வங்கி ஆர்.டி.யில், அதாவது தொடர் வைப்பில் போடுங்கள், அது முதிரும் நேரத்தில் விமானச் சீட்டுக்கும் விடுதி முன்பணத்துக்கும் தேவை வந்துவிடும். மீதி ஆறு மாதத் தொகை, வேண்டும்போது எளிதில் எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டில் இருக்கட்டும். இது 5,40,000, வட்டி 20,000 போல வரும். இரண்டு ஏப்ரல் ஊக்கத்தொகை 2,40,000. மொத்தம் 8 லட்சம். இந்தப் பணத்தைப் பங்குசார்ந்த ஃபண்டில் போட்டு வளர்க்கலாமே என்று தோன்றும். ஒன்றரை ஆண்டில் தேவைப்படும் பணத்துக்கு அது இடமில்லை. அவசர நிதி 3,50,000 ரூபாயை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை, நீங்களும் சேர்க்காதீர்கள்.

செலவில் பெரும்பங்கு டாலரில் இருப்பதால், ரூபாய் மதிப்பு சரிந்தால் கணக்கு நழுவும். அதற்காக நாணயச் சந்தையை ஊகிக்க வேண்டியதில்லை. விடுதியையும் வண்டியையும் முன்கூட்டியே உறுதி செய்து, பணத்தை இரண்டு மூன்று தவணையாக அனுப்புங்கள், டாலரின் விலை சராசரியாகிவிடும். ரத்து விதியை எழுத்தில் வாங்காமல் முதல் தவணையை அனுப்பக் கூடாது. அங்கே கார்டில் செலுத்தும்போது ரூபாயில் கழிக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

முகவர் மூலமாகவே போவதென்றால் இரண்டு வரிகள் சேரும். ஒன்று, 5 சதவீத ஜி.எஸ்.டி.; அது செலவு, திரும்பாது. மற்றது டி.சி.எஸ்., அதாவது முகவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு 10 லட்சம் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 20 சதவீதமுமாக இருந்த இது, 2026 பட்ஜெட்டில் ஒரே விகிதமாக 2 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. இது கூடுதல் வரி அல்ல, உங்கள் வருமான வரிக்கான முன்பணம். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் தெரிவித்தால் சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ்.ஸிலேயே சரிசெய்வார்கள். விலைப்பட்டியலில் மாரா கட்டணம் எந்த மாத விகிதத்தில், எத்தனை நாளுக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், அந்தத் தொகை உள்ளே இல்லை என்றே பொருள் கொள்ளலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது இதற்கான சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்ட பத்து நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும்; பிறகு ஆயுள் முழுவதற்கும் போதும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் போன்ற, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். மலேரியா மாத்திரை குழந்தைகளின் எடையைப் பொறுத்தது. அதைக் குழந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும். பயணக் காப்பீட்டில், காட்டிலிருந்து நைரோபி மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவு அடங்கியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக இந்த ஒன்றை விட்டுவிடக் கூடாது.

மே விடுமுறையைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், நாட்டை மாற்றுங்கள். தென்னாப்பிரிக்காவின் வடபகுதியில் மே மாதம் வறண்ட பருவத்தின் தொடக்கம். புல் குறைந்து விலங்குகள் நீர்நிலைக்கு வரும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பிலானெஸ்பர்க் காப்பகம். மலேரியா இல்லாத பகுதி, வாடகைக் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு உள்ளே போகலாம். நாளொன்றுக்கு 200 டாலர் என்ற பேச்சு அங்கே இல்லை. வில்டபீஸ்ட் அங்கேயும் உண்டு, ஆற்றைக் கடக்கும் மந்தைதான் கிடையாது. அதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விசாவுக்குப் பெற்றோர் இருவரின் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ் தேவை. இதற்கும் அடுத்த ஆண்டு மே மாதம்தான் சரி. அதற்குள் பதினான்கு மாதத் தவணையும் இரண்டு ஊக்கத்தொகையும் சேர்ந்து 6,60,000 ரூபாய் வந்திருக்கும்; அந்தத் தொகைக்குள் அடங்கும்படி நாட்களைத் திட்டமிடலாம்.

எந்த நாடு என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை, டிசம்பர் வரை பொறுக்கலாம். ஆர்.டி.யை மட்டும் அடுத்த சம்பளம் வந்த மறுநாளிலிருந்து தொடங்குங்கள். மகளின் பாஸ்போர்ட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிறுவர்களுக்கு அது ஐந்து ஆண்டுகளுக்குத்தான் வழங்கப்படும், பயணம் முடிந்து ஆறு மாதம் வரையாவது அது செல்லுபடியாக வேண்டும்.