தண்ணீர் எந்த வழியாக வந்தது?

வீட்டுக் காப்பீடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இழப்பு மதிப்பீட்டு சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

வங்கிக் கடனில் வீடு வாங்கினோம். கடன் கொடுக்கும்போதே ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரு பெரிய தொகையைக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் பகுதியில் மழை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். வெள்ளம் வந்தால் அந்த இன்சூரன்ஸில் பணம் கிடைக்குமா?
– வாசகி, முடிச்சூர்

முதலில் அந்த பாலிசியைத் தேடி எடுங்கள் அம்மா. முதல் பக்கத்தில் உங்கள் கணவரின் பிறந்த தேதியும் கடன் தொகையும்தான் இருக்கின்றன, வீட்டின் கதவு எண்ணையே காணோம் என்றால் அது வீட்டுக்கான காப்பீடே அல்ல. கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கிக் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடு. நல்ல விஷயம்தான், ஆனால் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. கூடத்தில் சேறு காயும்போது அந்தக் காகிதத்தை நம்பிக்கையோடு என்னிடம் நீட்டியவர்கள் நிறையப் பேர்.

வீட்டு முகவரி, கட்டடத்தின் பரப்பளவு, தீ, புயல், வெள்ளம் என்று ஆபத்துகளின் பட்டியல் எல்லாம் இருந்தால் அது சரியான பாலிசி. அதிலும் தொகையைப் பாருங்கள். சில இடங்களில் வங்கி தன் கடன் பாக்கி அளவுக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கும். கடன் குறையக் குறைய உங்கள் பாதுகாப்பும் குறைந்துகொண்டே போகும். க்ளெய்ம் பணமும் முதலில் வங்கிக்குத்தான் போகும்.

புதிதாக எடுப்பதானால் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2021 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த பொது பாலிசி அது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி, நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வரும் சேதம் எல்லாம் உள்ளே. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி உங்கள் ஊருக்குள் புகுந்ததே, அதுபோன்ற வெள்ளம் இதில் சந்தேகமில்லாமல் அடங்கும். ஒன்று மட்டும்: வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த பிறகு ஏஜென்ட்டுக்கு போன் போடாதீர்கள். ஆகஸ்ட்டிலேயே முடித்துவிடுங்கள்.

எங்கள் வீடு மனையோடு சேர்த்து 90 லட்சம் போகும். அவ்வளவுக்கும் பாலிசி எடுக்க வேண்டுமா? பிரீமியம் தாங்குமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். மனை எங்கேயும் போய்விடாது, அதற்குக் காப்பீடு கிடையாது. கட்டடத்தைத் திரும்பக் கட்ட என்ன செலவோ, அதுதான் கணக்கு. கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்கு உள்ளே புழங்கும் பரப்பு, 900 சதுர அடி, உங்கள் ஊரில் இன்றைக்குக் கட்டும் செலவு சதுர அடிக்கு 2,600 ரூபாய் என்று வையுங்கள், 23,40,000 ரூபாய். வீட்டுச் சாமான்களுக்குத் தனியாகப் பட்டியல் கொடுக்காவிட்டாலும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேர்ந்துவிடும். இந்தக் கணக்கில் 4,68,000. அதற்கு மேல் சாமான் இருந்தால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

பிரீமியத்தைக் குறைக்கிறேன் என்று பரப்பளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பழைய தீ பாலிசிகளில், 20 லட்சம் பெறுமான கட்டடத்தை 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால், நான்கு லட்சம் சேதத்துக்கு இரண்டு லட்சம்தான் கொடுப்பார்கள். நானே அப்படி எத்தனையோ பேருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. ஆனால் பரப்பளவையும் விவரங்களையும் உண்மையாகச் சொன்னவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. விலைவாசிக்கு ஈடாக, காப்புத் தொகையும் ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற கணக்கில் தானே ஏறும். அதற்குக் கூடுதல் பிரீமியம் இல்லை.

ஒவ்வொரு மழைக்கும் கீழ்ச்சுவரில் ஈரம் ஏறி, பெயின்ட் உரிந்து விழுகிறது. க்ளெய்ம் பண்ணலாமா?
– வாசகி, வேளச்சேரி

முடியாது. கொத்தனாரைக் கூப்பிடுங்கள். ஏரியோ கால்வாயோ நிரம்பி வீட்டுக்குள் வந்தால் வெள்ளம். தரையிலிருந்து வருடக்கணக்காக ஊறி ஏறுவது பராமரிப்பு. சர்வேயர் வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு நஷ்டம் என்று கேட்கமாட்டார், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்றுதான் பார்ப்பார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை எல்லாம் போயிற்று. அப்போது பாலிசி இல்லை, இப்போது எடுத்திருக்கிறோம். மறுபடி அப்படி வந்தால் முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

அந்த மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரை ஊர்களில் சர்வேயர் வருவதற்கு முன்னாலேயே பாதிப் பேர் மெத்தையைத் தெருவில் எறிந்துவிட்டிருப்பார்கள். நாற்றம் தாங்காது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எறிவதற்கு முன்னால் படம் எடுங்கள். அறையின் நான்கு மூலையிலிருந்தும் வீடியோ. அப்புறம் ஒவ்வொரு சாதனத்தின் பின்பக்கமும் ஒட்டியிருக்கும் வரிசை எண் தகடு தெரிகிற மாதிரி ஒரு படம். பில் இல்லாவிட்டாலும் அந்த எண் பேசும்.

சுவரைக் கழுவும் முன்னால், தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு அளவுநாடாவைப் பிடித்துப் படம் எடுத்துவிடுங்கள். சுவரை வெள்ளை அடித்து முடித்த வீட்டிலும் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து சுவிட்ச் பாக்ஸைக் கழற்றிப் பார்ப்பேன். உள்ளே வண்டல் எந்த உயரத்தில் படிந்திருக்கிறதோ அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது. பிரிட்ஜின் கம்ப்ரஸர் தரையை ஒட்டித்தான் இருக்கிறது, அரையடித் தண்ணீரே அதற்குப் போதும். அதே வீட்டில், அதே தண்ணீரில், சுவரில் ஏழடி உயரத்தில் மாட்டிய ஏ.சி.யின் உள் யூனிட் நாசமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் மற்ற உண்மையான க்ளெய்மையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் கொடுத்து, க்ளெய்ம் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது கைக்கு வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஒரு மாவட்டமே முழுகிக் கிடக்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அதற்காகச் சும்மா இருக்காதீர்கள், மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டே இருங்கள். வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால், நீங்கள் வெளியே எடுக்கும் வாடகை வீட்டுக்கும் பாலிசியில் இடம் உண்டு. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச்சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. நிலச்சரிவு பாலிசியில் இருக்கிறதே, பணம் கிடைக்குமா?
– வாசகர், குன்னூர்

தடுப்புச்சுவரும் மதில்சுவரும் வீட்டுக் கட்டடத்தின் பகுதியாகவே கணக்கு, அதில் சிக்கல் இல்லை. சிக்கல் விரிசலில்தான். கனமழையில் மேட்டிலிருந்து மண் சரிந்து சுவரைத் தள்ளியிருந்தால் கிடைக்கும். புதுக் கட்டடம் தானாக அமர்வதால் வரும் விரிசல், கொட்டி நிரப்பிய மண் இறங்குவது, தரமில்லாத கட்டுமானம் ஆகியவற்றுக்கு இல்லை என்று பாலிசியே சொல்கிறது. நீலகிரியில் சரிவை வெட்டி, அந்த மண்ணையே முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்தி எழுப்பிய வீடுகள் ஏராளம். அங்கே முக்கால்வாசி விரிசல் இந்த ரகம். உங்களுடையது எது என்று நேரில் பார்க்காமல் சொல்லமாட்டேன். இப்போதே தேதியோடு படம் எடுத்து வைத்து, ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சுவரில் மழைநீர் வெளியேறும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று இன்று மாலையே பாருங்கள்.

கடல் வருடா வருடம் உள்ளே வருகிறது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இப்போது ஒரு வரிசை வீடுதான். பாலிசி எடுத்தால் பயன் உண்டா?
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கிராமம்

பாதி உண்டு, பாதி இல்லை. சுனாமி, புயல், அதோடு வரும் வெள்ளம் இவற்றுக்கு உண்டு. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து அஸ்திவாரத்தைத் தின்றால் இல்லை. கடலரிப்பும் ஆற்றரிப்பும் விலக்குப் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கின்றன. அரசாங்கத்திடம் தூண்டில் வளைவுக்கும் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் தடுப்பு) மாற்று மனைக்கும் மனு கொடுப்பதை நிறுத்தாதீர்கள். காப்பீடு அந்த இடத்தை நிரப்பாது. ஏஜென்ட் வேறு மாதிரி சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

நகையும் ரொக்கமும் திருட்டுப் போனால்?
– வாசகர், சேலம்

ரொக்கத்தை மறந்துவிடுங்கள். நகையை அதன் மதிப்பைச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும், அடிப்படை பாலிசியில் திருட்டு என்பது புயல், தீ போன்ற சம்பவத்தை ஒட்டி 7 நாளுக்குள் நடந்தால்தான். ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்துக் கொண்டுபோனால் அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு வேண்டும்.

க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகத் தெம்பில்லை.
– வாசகி, கடலூர்

முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். சர்வேயர் அறிக்கையின் நகல் இல்லாமல் போகாதீர்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும். எந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. கஜா புயல் மாதிரி ஒன்று வந்து அது விழுந்தால் யார் பொறுப்பு?
– வாசகர், பட்டுக்கோட்டை

உங்கள் பாலிசியே கொடுக்கும். புயலில் விழுந்தாலும் சரி, சாதாரண நாளில் விழுந்தாலும் சரி, வெளியிலிருந்து ஒரு பொருள் மோதும் சேதம் பட்டியலில் இருக்கிறது. விழும் மரமும் அதில் சேர்த்தி. உடைந்த ஓட்டையும் மரத்தையும் அப்புறப்படுத்தும் செலவுக்கு க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை தருவார்கள். அவ்வளவு பெரிய மரத்தை அறுத்து ஏற்ற அது பத்தாது. ஐப்பசிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி, மட்டையையும் காயையும் கழித்து, மரத்தை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஊராட்சிக்கு ஒரு மனு கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.