உருளைக்கிழங்கை விட்டும் சர்க்கரை ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு வயது 54. ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும், காலையில் ஒரு கிளிமிபிரைடு மாத்திரையும் போடுகிறேன். உருளைக்கிழங்கு ஆகவே ஆகாது என்று எல்லோரும் சொன்னதால் ஆறு மாதமாக அதைத் தொடுவதில்லை. ஆனாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 140-க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது. இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 220-ஐத் தாண்டுகிறது. காலையில் பசிக்காது, காபி மட்டும்தான். பதினொன்றரை மணி வாக்கில் கை நடுங்கி, வியர்த்து, அகோரப் பசி வரும். வேலை முடிந்து இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு மேல். அப்போது எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்குவதில்லை. இன்னும் எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?

பதில்: எதை நிறுத்துவது என்பதை அப்புறம் பார்ப்போம். பதினொன்றரை மணி பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. அதனால்தான் அதைக் காலை உணவோடு போடச் சொல்கிறோம். மாத்திரை உள்ளே போய்ச் சாப்பாடு போகாவிட்டால், சுரந்த இன்சுலின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். நடுக்கம், வியர்வை, அகோரப் பசி மூன்றும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் லோ சுகர்.

அடுத்த முறை வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதேபோலக் குடியுங்கள். கருவி பக்கத்தில் இல்லாவிட்டால் பார்ப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, காலையில் சாப்பிடாமல் இந்த மாத்திரையைப் போட்டு வந்ததைச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மாத்திரையையே மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதுவரை வெறும் காபியோடு அதைப் போடாதீர்கள்.

சரி, உருளைக்கிழங்குக்கு வருவோம். வேகவைத்த கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 20 கிராம். அதே எடை வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம். கிழங்கைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் சர்க்கரை எப்படிக் குறையும்? அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2025-இல் வெளியானது. வாரம் மூன்று முறை ஃபிரெஞ்சு ஃபிரை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. வேகவைத்த, சுட்ட, மசித்த கிழங்குக்கு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. கிழங்குக்குப் பதில் முழுத்தானியம் சாப்பிட்டால் வாய்ப்பு குறைகிறது, வெள்ளை அரிசி சாப்பிட்டால் கூடுகிறது என்பதும் அதே ஆய்வின் கணக்கு.

அதற்காகக் கிழங்கு சர்க்கரையை ஏற்றாது என்று சொல்ல மாட்டேன். ஏற்றும், சில வேளை வேகமாகவே ஏற்றும். பச்சைக் கிழங்கின் மாவுத் துகள்கள் இறுகிக் கிடக்கும், குடல் நொதிகளால் அவற்றை எளிதில் உடைக்க முடியாது. வேகும்போது அவை நீரை உறிஞ்சி உப்பி இளகிவிடுகின்றன. மசித்தால் இன்னும் சுலபம். குழைய வெந்து மசித்த கிழங்கு, தோலோடு துண்டாக வெந்த கிழங்கைவிட வேகமாகச் சர்க்கரையாவது இதனால்தான். வெந்த கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்து ஆறவிட்டால் மாவுச்சத்தில் ஒரு பங்கு மறுபடி இறுகி, செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். திரும்பச் சூடாக்கினாலும் ஓரளவு அப்படியே நிற்கும். பலன் உண்டு, ஆனால் சின்னப் பலன்தான். ஆறிய கிழங்கு என்பதற்காக இரண்டு பங்கு சாப்பிடக் கூடாது.

பசி விஷயத்தில் வேகவைத்த கிழங்கு உங்கள் பக்கம்தான் நிற்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995-இல் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு எடுத்துக் கொடுத்து, எது அதிக நேரம் வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்துக்கொண்டால் வேகவைத்த கிழங்குக்கு 323. அத்தனை உணவுகளிலும் அதுதான் முதலிடம். ஃபிரெஞ்சு ஃபிரைக்கு 116 மட்டுமே. அளவைப் பார்த்தால் காரணம் புரியும்: 240 கலோரிக்கு வேகவைத்த கிழங்கு கால் கிலோவுக்கும் மேல் சாப்பிடலாம், சிப்ஸ் என்றால் 45 கிராமிலேயே அந்தக் கலோரி வந்துவிடும். இத்தனை நிறைவு தரும் ஒரு பொருளை விட்டுவிட்டு, இரவில் பசியோடு நீங்கள் போராடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் 220-க்குப் பெரிய காரணம் கடிகாரம் என்றே நினைக்கிறேன். ஒரே உணவை, ஒரே அளவில், காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கே இரவில் சர்க்கரை சுமார் 17 சதவீதம் கூடுதலாக ஏறியது. மாலைக்குமேல் கணையம் மந்தமாகிறது. தூக்கத்துக்கு உடல் தயாராகும்போது சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், இன்சுலின் சுரப்பை இன்னும் அடக்குகிறது. பத்து மணிக்கு நீங்கள் தட்டில் போட்டுக்கொள்வது அந்த நேரத்தில்தான் உள்ளே போகிறது. விடியற்காலையில் கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரையை வெளியே விடும். முந்தைய இரவின் ஏற்றமே இறங்காமல் இருக்கும்போது அதுவும் சேர்ந்தால், வெறும் வயிற்றில் 140 வருவதில் ஆச்சரியமில்லை.

பசிக்கும் ஒரு கடிகாரம் உண்டு. இரவெல்லாம் பட்டினி கிடந்தும் காலை எட்டு மணி வாக்கில் பசி மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணி வாக்கில் உச்சத்திலும் இருக்கும். ஆகவே காலையில் பசிக்கவில்லை என்பதை, உடலுக்கு உணவு வேண்டாம் என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022-இல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வில், ஒரே உணவைச் சுமார் நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது பசி கூடியது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தது. போதாததற்கு, சர்க்கரை நோயாளிகள் காலை உணவைத் தவிர்த்தால் அன்று மதியமும் இரவும் அதே சாப்பாட்டுக்குக் கூடுதலாகவே சர்க்கரை ஏறுகிறது.

அதனால் முதலில் காலையில் ஒரு சிறிய சாப்பாடு, மாத்திரையோடு. முட்டை, தயிர், பருப்பு என்று புரதம் இருக்கட்டும். பத்து மணிச் சாப்பாட்டை ஒரே நாளில் ஏழு மணிக்குக் கொண்டுவர உங்கள் வேலை விடாது, புரிகிறது. அப்படியென்றால் அதை இரண்டாகப் பிரித்து, பெரும் பங்கை வேலைக்கு இடையிலேயே ஏழு மணி வாக்கில் முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காய்கறியும் கொஞ்சம் புரதமும் போதும். எந்த வேளையானாலும் காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, கிழங்கையோ சோற்றையோ கடைசியில் எடுங்கள். வரிசையை மாற்றினாலே ஏற்றம் கண்கூடாகக் குறையும். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால், தசைகள் இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

லோ சுகர் பிரச்சினை தீர்ந்தபின், மருத்துவர் சரி என்றால், கிழங்கை மதியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நடுத்தரக் கிழங்கு, சுமார் 150 கிராம், வேகவைத்தது. அன்றைக்குச் சோற்றை அந்த அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். சாப்பிடும் முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பார்த்து எழுதுங்கள். இன்னொரு நாள் கிழங்கு இல்லாமல், வழக்கமான சோற்றோடு அதே சோதனை. பலருக்கும் வைக்கும் இலக்கு 180-க்குக் கீழே. ஒருவருக்கு 40 புள்ளி ஏற்றும் கிழங்கு இன்னொருவருக்கு 80 ஏற்றலாம், ஆகவே என் பொதுவான பேச்சைவிட உங்கள் கருவி காட்டும் எண்ணை நம்புங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிறுநீரகப் பாதிப்போ, ரத்தத்தில் பொட்டாசியம் அதிகமோ இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். கிழங்கில் பொட்டாசியம் நிறைய. ஏழு வருடச் சர்க்கரை என்பதால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் சோதனைகளான ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று தேடிப் பாருங்கள். ஒரு வருடம் ஆகியிருந்தால், மாத்திரை பற்றிக் கேட்கப் போகும் அன்றே அவற்றையும் பார்த்துவிடுங்கள்.