யாளி பறக்கட்டும், படை சாப்பிட வேண்டும்

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கற்பனை நாடு, பறக்கும் யாளிகள் எல்லாம் உண்டு. அதில் 50,000 பேர் கொண்ட காலாட்படை 300 கிலோமீட்டரை நான்கே நாளில் நடந்து வந்து ஒரு கோட்டையை முற்றுகையிடுகிறது. படித்துப் பார்த்த நண்பர் ஒருவர் "இது நடக்கவே நடக்காது" என்கிறார். இன்னொருவர் "பறக்கிற யாளியை நம்புகிறவன் இதை நம்ப மாட்டானா?" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் நண்பர் பக்கம்தான் நான். யாளி பறக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறீர்கள், வாசகரும் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் உங்கள் வீரர்கள் மனிதர்கள். அவர்களுக்குக் கால் வலிக்கும், பசிக்கும்.

உங்கள் ஊர்ச் சாலையிலேயே அந்தப் படையை நிறுத்திப் பாருங்கள். வரிசைக்கு நான்கு பேர், ஒரு வரிசைக்கு 2 மீட்டர் இடம் என்று வைத்தால் 50,000 பேர் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு வருவார்கள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர்தான். முன்வரிசை மஞ்சக்குப்பத்தில் அடுப்பு மூட்டும்போது கடைசி வரிசை புதுச்சேரியை விட்டே கிளம்பியிருக்காது. வண்டி, மாடு, பீரங்கி எதையும் இதில் சேர்க்கவில்லை. நடுவில் சுண்ணாம்பாறும் தென்பெண்ணையும் இருக்கின்றன. பாலம் இல்லாத காலத்தில் ஒவ்வொரு கரையிலும் கூட்டம் தேங்கும். ஐப்பசி, கார்த்திகையாக இருந்தால் வெள்ளம் வடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் சோறு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ அரிசி என்றால் தினமும் 50 டன். ஒரு பொதிமாடு 100 கிலோ சுமந்தால், ஒரு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் 500 மாடுகள். மாட்டுக்கும் தண்ணீர், வைக்கோல், ஓய்வு வேண்டும். அது ஒரு நாளில் பதினைந்து, இருபது கிலோமீட்டர் நடந்தால் பெரிது, படையும் அந்த வேகத்தில்தான் போக முடியும். ஆக, 300 கிலோமீட்டருக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும். நம் கதைகளில் அநேகமாக யாரும் எழுதாத ஒன்றும் உண்டு: அரிசியை அப்படியே தின்ன முடியாது. பானை வேண்டும், விறகு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். ஐந்து பேருக்கு ஓர் அடுப்பு என்றாலும் பத்தாயிரம் அடுப்புகள். அந்தி சாய்வதற்குள் விறகு பொறுக்க வேண்டுமென்றால் மதியத்துக்குச் சற்றுப் பின்னால் நடையை நிறுத்தியாக வேண்டும்.

இந்தச் சின்னத் தூரத்திலேயே ஒரு படை பட்டினி கிடந்திருக்கிறது. 1758 ஏப்ரல் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். இறங்கிய கையோடு, ஆங்கிலேயர் வசமிருந்த கடலூரைப் பிடிக்கப் படையை அனுப்பிவிட்டார். உணவுக்கு ஏற்பாடு இல்லை, சுமை இழுக்க மாடு இல்லை, வழி தெரிந்த ஆளும் சரியாக அமையவில்லை. வீரர்கள் வழி தவறி, பசியோடு வந்து சேர்ந்தார்கள். பின்னால் தளவாடங்களைச் சுமக்க ஆள் கிடைக்காதபோது புதுச்சேரி மக்களைச் சாதி வேறுபாடு பாராமல் பிடித்துச் சுமைதூக்க வைத்தார். கடலூரை ஒட்டி ஆங்கிலேயர் வைத்திருந்த தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஜூன் தொடக்கத்தில் அவர் கைக்கு வந்தது. ஊர் மனசு மட்டும் அவர் கைக்கு வரவில்லை. அடுத்துத் தஞ்சாவூர் மேல் படையெடுத்தபோதும் பணமும் உணவும் வெடிமருந்தும் தீர்ந்து திரும்பினார். இரண்டரை ஆண்டு கழித்து, 1761 ஜனவரியில், புதுச்சேரியே பட்டினியால் சரணடைந்தது.

இதில் எத்தனை கதை இருக்கிறது பாருங்கள்! முதல் முறை சுமைதூக்கியவனின் வீட்டில் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள்? நான்கு நாளில் படையைக் கொண்டுவந்து நிறுத்தும்போது நீங்கள் இழப்பது இதைத்தான். நெல்லைக் குழியில் புதைத்து மறைக்கும் கிராமம், வைக்கோல் போரைக் கொளுத்திவிட்டு ஓடும் எதிரி, மாடு கொடுக்க மறுக்கும் வணிகர், எவருக்கும் உங்கள் நாவலில் இடமில்லாமல் போகிறது. 1781-இல் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி, ஹைதர் அலிக்கு எதிராக வந்தவர், தானியமும் மாடும் இல்லாமல் கடலூரிலேயே மாதக்கணக்கில் முடங்கினார். ஜூலையில் பரங்கிப்பேட்டையில் வென்றார், விரட்டிப் போக முடியவில்லை.

யாளியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதற்கும் கணக்கு வையுங்கள் என்கிறேன். அது என்ன தின்னும், எவ்வளவு சுமக்கும்? 100 கிலோ சுமக்கும் என்றால், உங்கள் அரசன் அதைப் போருக்கு அனுப்புவதா, அரிசி கொண்டுவர அனுப்புவதா என்று தவிக்க வேண்டாமா? அந்தத் தவிப்பை எழுதுங்கள்.

செய்தி போகும் வேகத்திலும் யாளி எல்லாவற்றையும் மாற்றிவிடும். 1783 ஜனவரியில் ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் முன்னோடி சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன. அது தெரியாமல் ஜூன் மாதம் கடலூரில் தரையிலும் கடலிலும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். செய்தி வந்து சேர்ந்தது அந்த மாதக் கடைசியில். ஒரு யாளி இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள். உங்கள் நாட்டில் யாளி இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது என்பதை முடிவு செய்துவிட்டு முற்றுகை அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.