மலைப்பாதையில் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 2006ஆம் ஆண்டு மாடல் டாடா இண்டிகோ மரீனா டீசல் ஸ்டேஷன் வேகன் (கூரை பின்முனை வரை நீண்டு, பின்னால் சரக்கு வைக்க இடமுள்ள கார்) இருக்கிறது. ஏலத்தோட்டம் பூப்பாறைப் பக்கம் என்பதால் வாரத்தில் சில இரவுகள் வண்டி மலைமேல்தான் நிற்கும். அங்கே காலையில் எளிதில் கிளம்புவதில்லை. கிளம்பினாலும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு சிறிது நேரம் நடுங்குகிறது. போடியில் வீட்டு வாசலில் நிற்கும்போது இந்தத் தொல்லை இல்லை. டீசலைப் பீய்ச்சும் நாசில், அதற்கு டீசலை அழுத்தித் தரும் பம்ப் இரண்டையும் கழற்றிச் சரிபார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பழுதுக்கான பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பம்போ நாசிலோ கெட்டிருந்தால் போடியிலும் வண்டி தொல்லை கொடுக்கும். ஏற்றத்தில் இழுவை குறைந்திருக்கும், கரும்புகையும் தள்ளும். இவை எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. குளிரான இடத்தில் மட்டும், அதுவும் காலையில் மட்டும் வருகிற கோளாறுக்கு முதலில் பார்க்க வேண்டியது, இன்ஜினைக் கிளப்பும் முன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைத்தான்.

உங்கள் வண்டியிலுள்ள 1405 சிசி டீசல் இன்ஜின் பழைய முறையைச் சேர்ந்தது. இதில் டீசல் நேரடியாக பிஸ்டனின் தலைமேல் பீய்ச்சப்படுவதில்லை. சிலிண்டர் ஹெட்டிலுள்ள சிறிய முன்னறைக்குள் பீய்ச்சப்பட்டு அங்கே தீப்பற்றத் தொடங்குகிறது. அழுத்தத்தில் சூடேறும் காற்று அந்த அறையின் குளிர்ந்த சுவர்களில் பட்டு வெப்பத்தை இழந்துவிடுவதால், குளிர்காலையில் ஹீட்டர் பிளக் சூடேற்றாமல் இந்த வகை இன்ஜின் ஒழுங்காகக் கிளம்பாது. நான்கு பிளக்கில் ஒன்றோ இரண்டோ செத்திருந்தால் மற்ற சிலிண்டர்களின் பலத்தில் இன்ஜின் ஓடத் தொடங்கும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும், இன்ஜின் நடுங்கும், சூடு பரவியதும் எல்லாம் அடங்கிவிடும். நீங்கள் எழுதியிருப்பது வரிக்கு வரி இதுதான்.

சோதனையை வீட்டிலேயே செய்யலாம். சாவியை அணைத்துவிட்டு, நான்கு பிளக்குகளையும் இணைக்கும் தகட்டின் சிறிய நட்டுகளைக் கழற்றித் தகட்டைத் தனியே எடுங்கள். தகட்டை எடுக்காமல் அளந்தால் நல்ல பிளக் வழியாகவே மீட்டர் அளவு காட்டிவிடும். செத்த பிளக் தெரியாமல் போகும். மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும், மறுமுனையைத் துருவோ பெயின்டோ இல்லாத இன்ஜின் உலோகத்திலும் வையுங்கள். நல்ல பிளக் ஓர் ஓம் அளவில், சற்றுக் கூடவோ குறையவோ காட்டும். அறுந்துபோன பிளக்கில் மீட்டர் எதுவுமே காட்டாது. மீட்டர் இல்லாதவர்கள் 12 வோல்ட் சோதனை விளக்கின் கிளிப்பை பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டி, விளக்கின் ஊசியைப் பிளக்கின் தலையில் தொட்டுப் பார்க்கலாம். எரிந்தால் பிளக்கின் கம்பி அறுபடவில்லை. நான்குமே நன்றாக இருந்தால், சாவியைத் திருப்பியதும் அந்தத் தகட்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் ரிலேயிலோ ஃபியூஸிலோ கோளாறு.

பிளக்கைக் கழற்றும்போது அவசரம் கூடாது. பல ஆண்டுகள் கரி படிந்து இறுகியிருக்கும் பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறிந்தால், சில நூறு ரூபாயில் முடியவேண்டிய வேலை ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். முந்தைய நாள் மாலையே மரையின் அடியில் துருநீக்கி எண்ணெய் விட்டு, மறுநாள் இன்ஜினைச் சற்றுச் சூடாக்கிய பின் சிறிய ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக இம்மி இம்மியாகத் திருப்புங்கள். வர மறுத்தால் அத்தோடு நிறுத்திவிட்டு அனுபவமுள்ள கையிடம் ஒப்படைப்பதே நல்லது.

பிளக்குகளில் குறையில்லை என்றால் அடுத்த சந்தேகம் டீசல் குழாயில் காற்று நுழைவது. தோட்டத்தில் வண்டியை முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்துகிறீர்களா? அப்படியானால் ஃபில்டர் மூடியிலோ, பழைய ரப்பர் குழாயின் முனையிலோ ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும், இரவு முழுவதும் அதன் வழியே காற்று நுழைந்து டீசல் டேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் இன்ஜின் ஒருமுறை கிளம்பி, உடனே அணைந்து, பிறகு நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் மீண்டும் பிடிக்கும். ஓர் இரவு முன்பக்கம் தாழ்வாக நிறுத்திப் பாருங்கள். அன்று காலை உடனே கிளம்பினால் காற்று நுழையும் வழியைத்தான் தேட வேண்டும். பம்புக்குப் போகும் குழாயில் டீசல் தாங்கும் ஒளிபுகும் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். மழை மாதங்களில் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளியேற்றுவதும் வழக்கமாகட்டும். டீசலுக்கு அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்பது புட்டியில் தெளிவாகத் தெரியும்.

பேட்டரியையும் மறக்க வேண்டாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருப்பது முழு பேட்டரி, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலைமேல் சிலர் பெட்ரோலில் நனைத்த துணியைக் காற்றுக் குழாயின் வாயில் பிடித்து டீசல் வண்டியைக் கிளப்புகிறார்கள். ஸ்ப்ரே அடிப்பவர்களும் உண்டு. சிவக்கச் சூடேறிய ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் இப்படிச் செய்தால் பெட்ரோல் ஆவி நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனையே உடைக்கக்கூடும். துணியைப் பிடித்திருப்பவரின் முகத்துக்கும் ஆபத்து.

கேள்வி: குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கும்போது, பாதி வழிக்கு மேல் பிரேக் பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது. அடிவாரத்தில் சற்று நேரம் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. பிரேக் பேட் மாற்றி அதிக நாளாகவில்லை. வண்டியில் பெரும்பாலும் பின்பக்கம் மூட்டைகள் இருக்கும்.
— வாசகர், கம்பம்

பதில்: பேடைக் குறை சொல்ல வேண்டாம், உங்கள் பிரேக் ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. புதிய டாட் 3 வகையின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அது 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இந்த அளவுகள் 230, 155. மூட்டைகளோடு மலையிறங்கும் வண்டியின் டிஸ்க் அருகே அந்த வெப்பம் எளிதில் உண்டாகிவிடும். ஆயிலில் ஆவிக் குமிழி உண்டானால், நீங்கள் மிதிக்கும் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதற்கே செலவாகிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஆறியதும் குமிழி மறைவதால் பெடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அடிவாரத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டும்போது குறை தென்படாமல் போவதும் இதனால்தான்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தின் நிப்பிளை (ஆயிலை வெளியேற்றும் சிறு திருகை) திறந்து பழைய ஆயிலைக் குழாய் வழியே வெளியேற்றி, நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடச் சொல்ல வேண்டும். இந்த வரிசை தவறினால் காற்று உள்ளே போய்விடும். கையேட்டில் வேறு வரிசை சொல்லப்படாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகத்துக்கு) தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். அதன் மேலேயுள்ள ஆயில் டப்பா ஒருபோதும் காலியாகக் கூடாது. பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விட்டுவைத்தால் பெயின்ட் உரிந்துவிடும்.

பெடல் உள்ளே போகாமல் கல்லாக இறுகுகிறதென்று சொல்பவர்களுக்கு வேறு பதில். டீசல் வண்டியில், மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தனி வேக்குவம் பம்ப் உண்டாக்குகிறது. பல வண்டிகளில் அது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்து, கடைசி மிதியை அழுத்திப் பிடித்தபடி இன்ஜினைக் கிளப்புங்கள். பெடல் காலடியில் சற்றுத் தாழ வேண்டும். தாழவில்லையென்றால் பம்ப், அதன் குழாய், பூஸ்டர் ஆகிய மூன்றில் ஒன்றில் பழுது. ஆல்டர்னேட்டரின் பின்புறம் இன்ஜின் ஆயில் கசிந்து அழுக்கேறியிருந்தால் முதலில் பம்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டுபவரின் பங்கும் இதில் இருக்கிறது. பின்னால் மூட்டை இருக்கும் நாளில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வருபவர்களை இந்தப் பாதையில் நான் பார்த்திருக்கிறேன். பூஸ்டரின் உதவியும் பவர் ஸ்டீயரிங்கும் ஒருசேரப் போய்விடும் என்பது அவர்களுக்கு அடுத்த கொண்டை ஊசி வளைவில்தான் தெரியவரும்.

கேள்வி: பி.வி.சி. குழாய் ஏற்றும்போது பின்கதவைப் பாதி திறந்தபடி கயிறு கட்டி ஓட்டுகிறோம். ஆரியங்காவு தாண்டுவதற்குள் உள்ளே புகை நாற்றமும் தலைவலியும் வந்துவிடுகின்றன. சைலன்சர் புதியது. மழை பெய்தால் ஸ்டெப்னி குழியிலும் தண்ணீர் நிற்கிறது.
— வாசகர், செங்கோட்டை

பதில்: புகை நுழையும் வழி உங்கள் பின்கதவுதான். ஸ்டேஷன் வேகனின் பின்புறம் செங்குத்தாக வெட்டிவிட்டது போல முடிவதால், ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. சைலன்சரிலிருந்து வெளிவரும் புகை அந்தச் சுழலில் சிக்கிக்கொள்கிறது. கதவு திறந்திருந்தால் நேராக உள்ளே வந்துவிடுகிறது. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தலைவலி அதன் முதல் எச்சரிக்கை. குழாய்களை மேலே கேரியரில் கட்டுங்கள். இயலாத நாளில் முன்கண்ணாடிகளை இறக்கி, புளோயரை வெளிக்காற்று நிலையில் வேகமாக வைத்து, கூடிய வரை குறைந்த தூரம் மட்டும் ஓட்டுங்கள். பின்னிருக்கையில் குழந்தைகள் இருந்தால் திறந்த கதவோடு ஓட்டவே வேண்டாம்.

கதவை மூடிய பிறகும் நாற்றம் வந்தால் கதவின் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் தளர்ந்திருக்கும். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி உருவிக்கொண்டு வரும் இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. கதவைச் சுற்றி இப்படி இடம் இடமாகச் சோதியுங்கள். தண்ணீருக்கும் பெரும்பாலும் இதே பீடிங்தான் காரணம். இல்லையென்றால் டெயில் லாம்பின் பின்னாலுள்ள ரப்பர். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே அமர்ந்திருக்க, மற்றொருவர் கீழிருந்து மேலாகத் தண்ணீர் பாய்ச்சினால் ஒழுகும் இடம் பிடிபடும். குழியின் அடியிலுள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்து, துருவைத் தேய்த்து, பிரைமர் பூசிய பின்னரே ஸ்டெப்னியைத் திரும்ப வையுங்கள்.

பின்கதவைக் கயிறு கட்டி இழுத்து ஓட்டும் வண்டிகளில், கூரைக்கும் கதவுக்கும் இடையே வளையும் ரப்பர் உறைக்குள் ஒயர்கள் முறிவதும் உண்டு. பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, கதவுப் பூட்டு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோனால், மோட்டாரையோ பல்பையோ மாற்றும் முன் அந்த உறையை நகர்த்திப் பாருங்கள். கதவு தானாகக் கீழிறங்கினால் அதைத் தாங்கும் இரண்டு பக்க கேஸ் ஷாக்குகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். கழற்றும் முன் கதவுக்கு உறுதியான முட்டுக் கொடுப்பது அவசியம்.

கேள்வி: கே.எல்.06 (கேரளத்தின் இடுக்கி) பதிவுள்ள பழைய மரீனா ஒன்று கட்டப்பனையில் விலைக்கு வருகிறது. வாங்கி இங்கே ஓட்டலாமா?
— வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: வாங்கலாம். இன்ஜின் தொடர்பான பெரும்பாலான பாகங்கள் இண்டிகா, இண்டிகோ கார்களுக்கும் பொதுவானவை என்பதால் உதிரிபாகம் கிடைக்கும். மரீனாவுக்கே உரிய பின்கதவு, அதன் கண்ணாடி, டெயில் லாம்ப் ஆகியவைதாம் அரிது. உடைந்தால் கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய இரும்புக் கடைகளில் தேட வேண்டியிருக்கும். ஆகவே, இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் பின்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய உடனே மாற்றுங்கள். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குக் கேரள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று படிவம் 28 வழியாகவும், இங்கே புதிய எண் படிவம் 27 வழியாகவும், பெயர் மாற்றம் படிவம் 29, 30 வழியாகவும் நடக்கும். சாலை வரியைத் தமிழ்நாட்டில் தனியாகக் கட்ட வேண்டும். அந்தத் தொகையை விசாரித்த பிறகே விலை பேசுங்கள். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் படிவம் 25 மூலம் புதுப்பித்தாக வேண்டும் என்பதால், ஆர்.சி.யில் உள்ள கடைசித் தேதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆய்வின்போது சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். இடுக்கி மழையில் நனைந்த வண்டிகளில் அந்த இடம் துருவேறியிருப்பது சாதாரணம். உப்புத்தாளால் தேய்த்தால் எழுத்தே மழுங்கி, எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமாகும். துணியில் மண்ணெண்ணெய் தோய்த்து மெதுவாகத் துடைத்து, எழுத்து தெளிந்ததும் மெல்லியதாக கிரீஸ் தடவிவிடுங்கள்.