மரத்தூளுக்கு அடியில் போன வருடத்துப் பனி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் கான்மோரில் 2024 மார்ச்சில் நடந்த பயத்லான் உலகக் கோப்பைப் பந்தயங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஸ்கீ என்ற நீளக் கட்டைகளைக் காலில் மாட்டிப் பனியில் சறுக்கி ஓடி, நடுநடுவே துப்பாக்கியால் இலக்கைச் சுடுகிற விளையாட்டு அது. நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் பாயின்ட் டூ டூ துப்பாக்கியால் படுத்துச் சுட்டவன் என்பதால் இந்த விளையாட்டின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. பழைய பந்தயங்களை யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். மே மாதமே பயிற்சியைத் தொடங்கிவிடுகிறார்கள் என்கிறீர்கள். முதல் பந்தயம் நவம்பர் கடைசியில். அப்புறம் எதற்கு அக்டோபரிலும் நவம்பரிலும் பனியைத் தேடி நாடு நாடாக அலைகிறார்கள்? மாவட்டப் போட்டிக்கு முந்தைய மாதம் என் பிள்ளைகளை நான் விரட்டு விரட்டென்று விரட்டுவேன். இவர்களோ அந்த நேரத்து வீடியோக்களில் உலாவப் போகிறவர்கள் மாதிரி மெதுவாகப் போகிறார்கள். இது பணக்கார நாட்டுச் சொகுசா, நிஜமாகவே வேலை இருக்கிறதா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

சொகுசு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கால்கரியிலிருந்து கான்மோர் ஒரு மணி நேரக் கார் பயணம். அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, மலையில் இலைகள் மஞ்சளாவதைப் பார்க்கலாம் என்று குடும்பத்தோடு போனோம். 1988 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பனிச்சறுக்கு மையம் அங்கே இருக்கிறது. தரையெல்லாம் பழுப்புப் புல். அதன் நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டருக்கு வெள்ளை நாடாவை விரித்த மாதிரி ஒரு பாதை. வானத்திலிருந்து ஒரு பொட்டுப் பனி விழவில்லை. இது போன குளிர்காலத்தில் இயந்திரத்தால் செய்து குவித்து, மேலே கனமாக மரத்தூளைப் போர்த்திக் கோடை முழுக்கக் காப்பாற்றிய பனி. அக்டோபரில் தூளை வாரி எடுத்துவிட்டு, லாரியில் பனியை அள்ளிக் கொட்டிப் பாதை போடுகிறார்கள். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தேன். பூப்போல இல்லை, கல்லுப்பு மாதிரி நறநறவென்று இருந்தது. நடுநடுவே மரத்தூள் துணுக்குகள். சுவிட்சர்லாந்தின் டாவோசிலும் சுவீடனின் எஸ்தர்சுந்திலும் இதே வித்தைதான். பின்லாந்தின் வுவோகாத்தியில் 1997-லேயே மலைக்குள் குளிரூட்டிய சுரங்கப்பாதையே போட்டுவிட்டார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், கோடை முழுக்க அவர்கள் ஓடுவது தார்ச்சாலையில், ரோலர் ஸ்கீயில். சின்னச் சக்கரம் வைத்த கட்டை அது. மூச்சுக்கும் தொடைக்கும் அது நல்ல பயிற்சிதான். ஆனால் சக்கரம் எப்போதும் ஒரே மாதிரி உருளும். பனியோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு குணம் காட்டும். காலையில் கண்ணாடி, மதியம் சர்க்கரைப் பாகு. ஒரு காலில் முழு எடையையும் ஏற்றி, அந்த ஸ்கீ வழுக்கிக்கொண்டு போகும்வரை பொறுமையாக அதன் மேலேயே நிற்க வேண்டும். தாரில் பழகிய கால் அவசரப்பட்டு அடுத்த அடியை வைத்துவிடும். அந்த அவசரத்தைப் பனியில்தான் மறக்கடிக்க முடியும். அதற்கு வாரக்கணக்கில் பனி வேண்டும்.

மெதுவாகப் போவதைப் பற்றிக் கேட்டீர்களே, என் கணக்கில் அந்த இரண்டு மாதங்களில் கஷ்டமான வேலையே அதுதான். ஆண்டுக்கு 700, 800 மணி நேரம் உடம்பை உழைக்க வைத்தவர்கள். அரை வருடம் கழித்துப் பனியைக் கண்டதும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளத்தான் தோன்றும். போதாததற்கு, உலகக் கோப்பை அணியில் இடமா, அதற்கு அடுத்தபடியான ஐ.பி.யு. கோப்பைக்குப் போக வேண்டுமா என்ற தேர்வும் அதே சமயத்தில். பக்கத்தில் போகிறவன் போட்டியாளன். அவன் முந்தினால் சும்மா இருக்க முடியுமா? அதனால்தான் பயிற்சியாளர் பாதையோரத்தில் ஊசியோடு நிற்கிறார். நான் பார்த்த அன்று ஒரு பெண் வந்து நின்று தொப்பியைத் தூக்கினாள். காது மடலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், உள்ளங்கை அளவுக் கருவியில் ஒரு எண். லாக்டேட் கணக்கு. உடம்பு எவ்வளவு கடுமையாக உழைக்கிறது என்று ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் பொருள் அது. எண்ணைப் பார்த்த பயிற்சியாளர் கையைக் கீழே அழுத்திக் காட்டினார்: இன்னும் மெதுவாக. அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வேகப் பயிற்சி இல்லாமல் இல்லை. நவம்பரில் கூடத்தான் செய்யும். ஆனால் அது அளந்து ஊற்றுகிற மருந்து. வேகத்தில் உடம்பைத் தீர்த்துவிட்டால் ஜனவரியில் காலி. மார்ச் வரை பந்தயம் இருக்கிறது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். உங்களுக்குப் பழக்கமான அதே .22 தான். தூரம் 50 மீட்டர், உங்களைப் போலவே ஐந்து ரவுண்டு. படுத்துச் சுடும்போது இலக்கு 45 மில்லிமீட்டர், எலுமிச்சம்பழம் அளவு. நின்று சுடும்போது 115, ஒரு சிடியைவிடக் கொஞ்சம் சின்னது. துப்பாக்கி மூன்றரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது, அதை முதுகில் சுமந்துகொண்டே பந்தயம் முழுக்கப் போக வேண்டும். கோடையில் பனியன் போட்டுக்கொண்டு ஐந்துக்கு ஐந்து அடித்தவர், குளிர்கால உடுப்பு போட்டதும் நாலுக்கு இறங்குவார். துணி இரண்டு மடிப்புக் கூடினால் தோளில் துப்பாக்கிக் கட்டை உட்காரும் இடம் மாறுகிறது, கன்னம் படியும் இடம் மாறுகிறது, துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் பட்டையின் இறுக்கம் மாறுகிறது. குளிரில் தோட்டாவின் வேகமும் குறையும், குண்டு கொஞ்சம் தாழ்ந்து போகும். எந்தத் தயாரிப்புத் தொகுதித் தோட்டா யாருடைய குழலுக்கு ஒத்துப்போகிறது என்று குளிரில் தனியாகச் சோதிப்பார்கள். அப்புறம் விரல். விசையை இழுக்க அரைக் கிலோ அழுத்தமாவது வேண்டும் என்பது விதி. மரத்துப்போன விரலுக்கு அரைக் கிலோ எது, இரண்டு கிலோ எது என்று தெரியாது. இதெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து கற்கிற சமாச்சாரம் இல்லை.

கான்மோர் சுடுதளத்தில் வெகு நேரம் ஒரு பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து விழுவான், குழல் முனையில் இருக்கும் பனி மூடியைத் தட்டித் திறப்பான், ஐந்து சுடுவான், மூடியைத் திரும்பத் தட்டுவான், எழுந்து ஒரு சுற்று போய்வருவான். பயிற்சியாளர் தொலைநோக்கியில் பார்த்து ஏதோ சொல்வார். பையன் பார்வைக் குறியின் திருகை ஒரு க்ளிக், இரண்டு க்ளிக் திருப்புவான். அந்த மூடியைத் திறக்க மறந்து பந்தயத்தில் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

பயணம் தனிக் கொடுமை. ஐரோப்பியர்களுக்கு வேன் போதும். கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் நவம்பரில் கிளம்பினால் கிறிஸ்துமஸ் வரை பெட்டியில்தான் வாழ்க்கை. கான்மோர் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கும் சுவீடனுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். விமானத்தில் ஒருவருக்கு ஐந்து கிலோ தோட்டாதான் அனுமதி. ஒன்று மூன்றேகால் கிராம் என்று வைத்துக்கொண்டால், அட்டைப் பெட்டி போக 1,400 சொச்சம். வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுடுகிறவர்களுக்கு அது எம்மாத்திரம்? துப்பாக்கிக்குத் தனிப் பெட்டி, தனி அனுமதிச் சீட்டு, தனி வரிசை. ஸ்கீ ஒருவருக்குப் பத்து ஜோடிக்குக் குறையாது, குளிருக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று. ஸ்கீ நன்றாக வழுக்க அடியில் பூசும் ஃப்ளூரின் மெழுகை 2023-24 பருவத்திலிருந்து தடை செய்துவிட்டதால், எந்த ஸ்கீயில் எந்த மெழுகு ஓடும் என்று மெழுகுக்காரர்கள் புதுக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. அதையும் நவம்பர் பனியில்தான் சோதிக்கிறார்கள்.

ஸ்கீ என்றதும் கனடாவின் மிரியம் பெடார் நினைவுக்கு வருகிறார். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். அதில் 7.5 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜோடி மாறிய ஸ்கீக்களோடு ஓடி, 1.1 வினாடியில் ஜெயித்தார். மெழுகுக்காரர்கள் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வந்து சிரிப்பு வரும். அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

போய்ச் சேருகிற இடம் நார்வேயின் ஷூஷோயனோ, பின்லாந்தின் மூவோனியோவோ. கடைசியில் எஸ்தர்சுந்த் அல்லது பின்லாந்தின் கோன்டியோலாஹ்தி. 2022 முதல் 2025 வரை முதல் பந்தயம் இந்த இரண்டு ஊர்களில்தான் மாறிமாறி நடந்தது. எஸ்தர்சுந்தில் அந்தச் சமயம் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்கு வெளிச்சத்தில் இலக்கு வேறு மாதிரி தெரியும், அதற்கும் கண் பழக வேண்டும். எல்லாவற்றையும்விட அவர்கள் பயப்படுவது சளிக்கு. விடுதிச் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் யாராவது தும்மினால் தட்டோடு நகர்ந்துவிடுவார்கள். ஆறு மாத உழைப்பை ஒரு ஜலதோஷம் வாங்கிக்கொண்டு போய்விடும்.

உங்கள் பிள்ளைகளை விரட்டும் விஷயத்தில் நான் தலையிட ஆள் இல்லை, ஓட்டம் வேறு, வயது வேறு. இருந்தாலும் கடைசிப் பத்து நாளாவது விசிலை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிப் பாருங்களேன்.

என்.சி.சி. முகாமில் சுட்டீர்கள், சரி. ஐந்தில் எத்தனை பட்டது என்று எழுதவில்லையே?